நியூட்ரினோ மீது நான் போட்ட பழி

இந்த மன்றத்தின் நாற்காலியையும் எங்கள் பேச்சுகளையும் ஒருசேரத் தாங்கிவரும் தலைவர் சிரில் ஐயா அவர்களே. கையில் மணியை ஏந்தி எங்கள் நாவுக்கெல்லாம் நாட்டாமை செய்யும் நேரக்காப்பாளர் லாயிட் அவர்களே. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆராதனை முடிந்தும் வீடு திரும்பாமல், பெங்களூர் காக்ஸ் டவுனின் இந்தச் சின்னஞ்சிறு கூடத்தைச் சிறப்பித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே. ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒன்றரை மணி நேரம் போக்குவரத்தில் நசுங்கி வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் என் முகத்தைப் பார்க்க மறுத்து அமர்ந்திருக்கும் மௌரீன் அம்மா அவர்களே. அவருக்குப் பக்கத்தில் இருக்கும் அவர் மகள் ஜூலியா அவர்களே. இறுதியாக, வேண்டுமென்றே இறுதிக்கு நான் ஒதுக்கிவைத்த என் அருமை எதிரி கவியரசன் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

நான் ஜாய்சன். பியூசி மாணவர்களுக்கு இயற்பியல் நடத்துபவன். பத்தொன்பது ஆண்டுகளாக இதே மேடையில் அறிவியல் பேசியவன். இன்றைய அழைப்பிதழில் என் பெயர் இல்லை. திருப்பிப் பார்க்காதீர்கள், பின்பக்கத்திலும் இல்லை. இது கவியரசனுடைய நேரம். நேற்று மாலை தொலைபேசியில் கேட்டேன். "எடுத்துக்கங்க சார்" என்றார். காரணம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மையின் மீதும் எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் பேச வந்திருப்பதே இரண்டைப் பற்றித்தான். ஒன்று நியூட்ரினோ. மற்றொன்று பொறாமை. முன்னது அண்டமெல்லாம் ஊடுருவும், யாரையும் காயப்படுத்தாது. பின்னது ஒருவன் நெஞ்சுக்குள்தான் இருக்கும், ஊரில் இன்னொரு வீட்டைக் காயப்படுத்திவிடும். எப்படி என்று சொல்கிறேன்.

நம் மன்றத்தின் வழக்கத்தைப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஆண்டு விழாவில் பேச்சாளர் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடம். பத்தாவது நிமிடம் லாயிட் மணி அடிப்பார். பேச்சாளர் பாதி வாக்கியத்தில் இருந்தாலும் நிறுத்தியாக வேண்டும். ஆனால் அவையோர் விரும்பினால் கைதட்டலாம். லாயிட் மணியைக் கவிழ்த்து வைக்கும் வரை விடாமல் தட்ட வேண்டும். கவிழ்த்துவிட்டால் இன்னும் ஐந்து நிமிடம். அப்படி நேரம் பெற்றவருக்குத்தான் பொன்னாடை.

பதினெட்டு ஆண்டுகள். எத்தனை தலைப்புகள் பேசியிருப்பேன்? காந்தம் பேசினேன், கிரகணம் பேசினேன், கொதிக்கும் நீரின் குணம் பேசினேன். மணி அடிக்கும். நான் நிறுத்துவேன். நீங்கள் கொட்டாவியை அடக்கிக்கொண்டு நான்கு தட்டுத் தட்டுவீர்கள். நான் இறங்கி வந்து போண்டா வரிசையில் நிற்பேன்.

அப்புறம் வந்தார் கவியரசன். தர்மபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தவர், கணினி நிறுவனத்தில் சம்பளம், கணீரென்ற குரல். முதல் மேடையிலேயே கருந்துளையைப் பற்றிப் பேசினார். கருந்துளைக்கு நடுவில் கணவனைப் பிரிந்த மனைவி ஒருத்தியின் கண்ணீரைக் கொண்டுவந்தார். அது எப்படி அங்கே போயிற்று என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இந்தக் கூடம் கைக்குட்டையைத் தேடியது. மணி அடித்தது, கைதட்டினீர்கள். மறுபடி அடித்தது, மறுபடியும் தட்டினீர்கள். ஒரே மாலையில் மூன்று முறை மணியைக் கவிழ்க்க வைத்தவர் அவர் ஒருவர்தான். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. தலைவலி என்று மனைவியிடம் சொன்னேன். எனக்குத் தலை வலிக்கவே இல்லை. வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலோடுதான் போன ஆண்டு நியூட்ரினோவைத் தலைப்பாக எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத துகள், கவியரசனுக்குத் தெரியாத துகள் என்று ஒரு கணக்கு. ஏழாவது நிமிடம் பார்க்கிறேன், பாதிப் பேர் கைப்பேசிக்குள் இருக்கிறீர்கள். உடனே குரலைத் தாழ்த்தி ஒரு வரி சொன்னேன்: "தாய்மார்களே, இந்த நொடியில் உங்கள் உடம்பைக் கோடிக்கணக்கான துகள்கள் துளைத்துக்கொண்டிருக்கின்றன." அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் இரண்டாம் வரிசையில் ஒரு தாய் தன் குழந்தையை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடினார். கூடம் அப்படியே உறைந்தது. அந்த அமைதி எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? பதினெட்டு ஆண்டுப் பட்டினிக்கு ஒரே நாளில் பந்தி போட்டதுபோல் இருந்தது. மணி அடித்தது. முதல்முறையாக எனக்காகக் கைதட்டினீர்கள். லாயிட் மணியைக் கவிழ்த்தார்.

ஐந்து நிமிடம் கிடைத்துவிட்டது. சொல்ல என்ன இருந்தது? எனக்குத் தெரிந்த உண்மையெல்லாம் முதல் பத்து நிமிடத்தோடு தீர்ந்துவிட்டது. எப்போதும் கிடைக்காத நேரத்துக்கு யார் தயாரித்து வைப்பார்கள்? ஆகவே இட்டுக்கட்டினேன். நியூட்ரினோ பூமியின் வயிற்றைச் சூடாக்குகிறது என்றேன், பனியை உருக்குகிறது என்றேன், நிலத்தை நடுங்க வைக்கிறது என்றேன். வடக்கே குளிர்நாடுகளில் சுரங்கத்துக்குள் அதைப் பிடித்து அடைத்து வைத்திருக்கிறார்கள், அங்கே வேலைக்குப் போகிறவர்கள் எலும்பு கரைந்துதான் வெளியே வருவார்கள் என்றேன். நீங்கள் எழுந்து நின்று தட்டினீர்கள். பொன்னாடை வந்தது. யாரோ அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் சகலைக்கு அது மூன்று வெவ்வேறு குழுக்களில் வந்ததாம். பூரித்துப்போனேன்.

இங்கேதான் ஜூலியா வருகிறார். ஜூலியா என் மாணவி அல்ல. என் மாணவியாக இருந்திருந்தால் அவர் பெருமையில் கால்பங்காவது கேட்டு வாங்கியிருப்பேன், அதற்கும் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. முதுகலை இயற்பியல். குளிர்நாடு ஒன்றில், பூமிக்கு இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், சுரங்கத்துக்குள் இருக்கும் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. நானூறு பேர் விண்ணப்பித்ததில் மூன்று பேரை எடுத்திருக்கிறார்கள். நாளை, திங்கட்கிழமை மாலைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். தவறினால் இடம் நாலாவது ஆளுக்குப் போய்விடும்.

மூன்று வாரம் முன்பு ஜூலியா என் வீட்டுக்கு வந்தார். காப்பியைக்கூடத் தொடவில்லை. "அங்கிள், நீங்க பேசின வீடியோவ அம்மா எனக்கே அனுப்புறாங்க. தினமும் அனுப்புறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார். வருகிறேன் என்றேன். போகவில்லை. ஒரு வாரம் விடைத்தாள் என்றேன். ஒரு வாரம் காய்ச்சல் என்றேன். மூன்றாவது வாரம் அவர் அழைப்பை எடுக்கவே இல்லை.

நேற்று காலைதான் போனேன். மௌரீன் அம்மா கதவைத் திறந்தார், உட்காரச் சொன்னார். நான் சொன்னது தவறு, அந்தத் துகளால் யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லை, பெண்ணை அனுப்புங்கள் என்றேன். அவர் கேட்ட கேள்வியை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். "அத்தன பேர் முன்னாடி மைக்க புடிச்சு சொன்னீங்க. இப்ப எங்க வீட்டு ஹாலுக்கு வந்து மாத்திச் சொல்றீங்க. இவ வந்து அழுதாளேன்னு சொல்றீங்களா சார்?" அவரே தொடர்ந்தார். "எங்கப்பா கோலார் தங்கவயல்ல சுரங்கத்துல எறங்கினவரு. இருமி இருமியே போய்ச் சேர்ந்தாரு. அதுக்குள்ள இவளையும் எறங்கச் சொல்றீங்களா?"

அவையோரே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடையில் சொன்னதை மேடையில்தான் திரும்பப் பெற முடியும். அதற்காகத்தான் எதிரியிடம் கையேந்தினேன். அதற்காகத்தான் இங்கே நிற்கிறேன். இன்று யாரும் கைதட்ட வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

நியூட்ரினோ என்றால் என்ன? அணுவைவிட அளவிட முடியாத அளவுக்குச் சிறிய துகள். மின்னூட்டம் இல்லை. எடை உண்டா என்றால் உண்டு, அதை இன்னும் யாராலும் சரியாக நிறுக்க முடியவில்லை, அவ்வளவு கொஞ்சம். எங்கே பிறக்கிறது? சூரியன் எரியும்போது பிறக்கிறது. விண்மீன் வெடிக்கும்போது பிறக்கிறது. அணு உலையில் பிறக்கிறது. பூமிக்குள் கிடக்கும் பாறையில் பிறக்கிறது. நீங்கள் காலையில் சாப்பிட்ட வாழைப்பழத்திலும் பிறக்கிறது, சாப்பிட்ட உங்கள் உடம்பிலும் பிறக்கிறது. ஆம் அம்மா, உங்கள் உடம்பில்தான். கதிரவன் அனுப்பும் நியூட்ரினோ எவ்வளவு தெரியுமா? உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். அந்த நகத்தின் வழியே ஒவ்வொரு நொடியும் ஆறாயிரம் கோடிக்கு மேல் போகின்றன. பகலில் மேலிருந்து வரும். இரவில் பூமியின் மறுபக்கம் நுழைந்து, பூமி முழுவதையும் கடந்து, கட்டிலுக்குக் கீழிருந்து வரும்.

கடப்பதற்கு எவ்வளவு நேரம்? கண்ணிமைக்கும் நேரத்தில் பாதிகூட ஆகாது. நீங்களும் நானும் சில்க் போர்டு சிக்னலைக் கடக்க முக்கால் மணி நேரம் தவம் கிடக்கிறோம். அது பூமியையே கடந்துவிட்டு யாரையும் இடிக்காமல் போகிறது. இதன்மீதும் எனக்குப் பொறாமைதான், மறைக்கவில்லை.

பின்வரிசைத் தம்பி ஒருவர் கேட்கிறார், இவ்வளவு துளைத்தால் பூமி என்ன ஆகும் என்று. நல்ல கேள்வி. போன ஆண்டு நீங்கள் கேட்டிருந்தால் நான் மாட்டிக்கொண்டிருப்பேன். பூமிக்கு ஒன்றும் ஆகாது தம்பி. எண்ணிக்கை பெரிது, ஆனால் நின்று மோதுவது அரிதினும் அரிது. ஒரு மனிதர் எண்பது ஆண்டு வாழ்ந்தால், அவர் உடம்புக்குள் நுழைந்ததில் ஒன்றோ இரண்டோ எங்காவது ஓர் அணுவில் முட்டியிருக்கலாம். ஒன்றுகூட முட்டாமலும் இருக்கலாம். அது பனியை உருக்காது, நிலத்தை நடுங்க வைக்காது. பூமியின் வயிற்றில் சூடு இருக்கிறது, உண்மை. அந்தச் சூட்டின் ஒரு பகுதி எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்து நியூட்ரினோவும் வெளியே வருகிறது. அடுப்புப் புகையைப் பார்த்து அந்தப் புகைதான் சோற்றை வேகவைத்தது என்று நான் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் மிகத் தொலைவில் ஒரு விண்மீன் வெடித்தது. எண்ண முடியாத நியூட்ரினோக்கள் இந்தப் பூமியை அலசிக்கொண்டு போயின. உலகத்தின் கருவிகள் அத்தனையும் சேர்ந்து பிடித்தவை இரண்டு டஜன் சொச்சம். அன்று நம்மில் பலர் இருந்தோம். யாருக்காவது தெரிந்ததா?

அப்படியானால் ஏன் சுரங்கம்? மௌரீன் அம்மா, இது உங்களுக்காக. விண்ணிலிருந்து வேறு பல கதிர்களும் பொழிகின்றன. அந்த இரைச்சலில் நியூட்ரினோவின் தடம் தெரியாது. பாறைக்கு அடியில் போனால் மற்ற கதிர்கள் மேலேயே நின்றுவிடும், நியூட்ரினோ மட்டும் இறங்கி வரும். அங்கே அதைப் பிடித்து அடைக்கவில்லை, அடைக்கவே முடியாது. பெரிய தொட்டி வைத்துக்கொண்டு, எப்போதாவது ஒன்று முட்டுமா என்று காத்திருக்கிறார்கள். அங்கே கூடுதலாக நியூட்ரினோ கிடையாது. காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் கொத்தமல்லி வாங்கும்போது உங்கள் மீது எவ்வளவு விழுகிறதோ ஏறக்குறைய அவ்வளவேதான் அங்கும். மற்ற கதிர்கள் இங்கேதான் அதிகம். உங்கள் தகப்பனாரின் நெஞ்சை அரித்தது கல்தூசி அம்மா. அது உண்மையான எமன், அதை நான் மறுக்கவில்லை. அவர் பாறை உடைக்க இறங்கினார். ஜூலியா போகிற கூடத்தில் பாறை உடைப்பதில்லை. தூசு ஒட்டியிருந்தால் கருவி கெட்டுவிடும் என்பதால், இறங்கியதும் குளித்து, உடை மாற்றித்தான் உள்ளே நுழைய வேண்டும். நம் கூடத்துக் காற்றைவிட அங்கே காற்று சுத்தம். ஒன்று தெரியுமா? வானத்துக் காற்றில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இரண்டு இடங்களில் ஒன்று உங்கள் தங்கவயல்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில்.

மணி அடித்துவிட்டது. கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. நான் கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டீர்கள். வழக்கப்படி நான் இறங்க வேண்டும். ஆனால் தலைவர் கையைக் காட்டுகிறார். "முடிச்சிட்டே எறங்குங்க ஜாய்சன்" என்கிறார். ஐயா, அடிபணிகிறேன். நல்லவேளை, ஏனென்றால் இன்னும் முக்கியமானதை நான் சொல்லவில்லை.

கைதட்டலுக்காகப் பொய் சொன்னேன் என்று இதுவரை சொன்னேன். கேட்பதற்கு அது கொஞ்சம் கௌரவமாக இருந்தது, இல்லையா? முழு உண்மை அது இல்லை. போன ஆண்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, ஜூலியா தெருமுனையில் என்னை நிறுத்தி, அந்த ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பம் போடப்போவதாகச் சொன்னார். கண்கள் மின்னச் சொன்னார். நானும் இருபத்துமூன்று வயதில் ஆய்வுக்குப் போக ஆசைப்பட்டவன். இரண்டு முறை எழுதினேன். இரண்டு முறையும் தேறவில்லை. என் அம்மா என்னைத் தடுக்கவில்லை, யாருமே தடுக்கவில்லை, நான் போதவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு முப்பது ஆண்டுகளாக மற்றவர்கள் கண்டுபிடித்ததைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இந்த மேடையில் நின்று, குளிர்நாட்டுச் சுரங்கம், எலும்பு கரையும் என்று நான் சொன்னபோது, ஜூலியா எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார் என்று எனக்குத் தெரியும். மௌரீன் அம்மா பக்கத்தில் இருந்தார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். கவியரசன் மீது இருந்தது கைதட்டல் பொறாமை. ஜூலியா மீது இருந்தது வேறு. நான் வாழாத வாழ்க்கையை இந்தப் பெண் வாழப்போகிறாளே என்ற பொறாமை. மூன்று வாரம் நான் உங்கள் வீட்டுக்கு வராமல் இருந்ததற்கும் காரணம் அதுதான். நாள் கடந்துபோகட்டும் என்று உள்ளுக்குள் ஒருவன் காத்திருந்தான்.

அமைதியாகிவிட்டீர்கள். இந்த அமைதி எனக்கு இனிக்கவில்லை. இதற்கு நான் தகுதியானவன்.

ஜூலியா, என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன். அதற்கு உனக்கு நேரம் வேண்டும். உன் அம்மாவிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அம்மா, அறிவியல் உங்களை ஏமாற்றவில்லை, நான்தான் அறிவியலின் பேரால் உங்களை ஏமாற்றினேன். என் மீது கோபப்படுங்கள். என் முகத்தில் விழிக்காதீர்கள். உங்கள் பெண்ணை நிறுத்தாதீர்கள்.

மௌரீன் அம்மா ஏதோ கேட்கிறார். பொறுங்கள், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, நானே திருப்பிச் சொல்கிறேன். "இவ என் வயித்துல இருந்தப்பவும் அது இவ மேல போச்சா சார்?" என்று கேட்கிறார்.

போயிற்று அம்மா. ஒன்பது மாதமும் போயிற்று. உங்கள் வழியாக இவளுக்குள்ளும், இவள் வழியாக அப்பாலும், ஒரு நொடிகூட விடாமல் கோடி கோடியாகப் போயிற்று. இவள் மூன்று கிலோவோ என்னவோ பிறந்து, ஊரைக் கூட்டி அழுதிருப்பாள். ஒரு குறையும் வரவில்லை. அந்தத் துகளைத்தான் இப்போது தேடிப் போகிறேன் என்கிறாள்.

மறுபடியும் ஏதோ சொல்கிறார். இந்த முறை என்னிடம் இல்லை, மகளிடம். அதையும் சொல்லலாமா அம்மா? சரி. "அங்க மைனஸ்ல போகுமாமே. உன்கிட்ட உருப்படியா ஒரு ஸ்வெட்டர் கூட இல்லயேடி" என்கிறார்.

கேட்டீர்களா அவையோரே? குளிர் உண்மையான ஆபத்து அம்மா. அதைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பயப்படுங்கள், நான் மறுக்க மாட்டேன். இரண்டு ஸ்வெட்டர், காதுக்குல்லா, கெட்டியான காலுறை எல்லாம் வாங்குங்கள். ஜூலியா, ஏன் அழுகிறாய்? கைப்பேசியை எடு. நாளை மாலை வரை எதற்கு? உன் அம்மா பக்கத்தில் இருக்கும்போதே அந்தப் பதிலை அனுப்பிவிடு.

அனுப்பிவிட்டாயா? நல்லது. எனக்கு உன் மீது இப்போதும் பொறாமையாகத்தான் இருக்கிறது, இந்தக் கணத்தில் இன்னும் அதிகமாகவே இருக்கிறது. போய் வா தாயே.

இடம் தந்த கவியரசனுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும், என் பொய்யைக் கேட்ட அதே காதுகளால் உண்மையையும் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி கூறி, மௌரீன் அம்மாவை மட்டும் தனியாக ஒருமுறை கைகூப்பி வணங்கி விடைபெறுகிறேன். வணக்கம்.